அம்புக்குறி இல்லாத போர்ட்

இறந்தவர் ஒரு பஸ் டிரைவர். கொன்றவள் ஒரு நர்ஸ். இந்த இரண்டையும் எல்லோரும் ஒப்புக்கொண்டாயிற்று, நர்ஸ் உட்பட. ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் அவளுடைய கணவன். அவன்தான் துப்பறிவாளரின் அலுவலகத்துக்கு மாடியேறி வந்து, தன் மனைவி தப்பு செய்யவில்லை என்பதை முதலில் அவளுக்கே நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டான்.

துப்பறிவாளரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக வருஷக்கணக்கில் விபத்துகளை விசாரித்தவர். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டிருந்தால் ஓடிப்போய்க் காலை நீட்ட மாட்டார். அடுத்த லிஃப்ட் வரட்டும் என்று நிற்பார். அவருடைய உதவியாளருக்குத் துடுக்கு என்று பெயர் வைத்தவரும் அவரே. அவள் டெலிபோன் புகார்ப் பிரிவில் இருந்தவள். புகார் சொன்ன ஒருவரைப் பற்றி அவரிடமே ஒரு புகார் சொன்னதில் அந்த வேலை போயிற்று.

நடந்தது இதுதான். டிரைவருக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மதியம் அறையில் தனியாகப் படுத்திருந்தபோது அவர் உடம்பில் ஆக்ஸிஜன் இறங்க ஆரம்பித்தது. விரலில் மாட்டியிருந்த கிளிப் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல, கம்ப்யூட்டர் அலாரம் எழுப்பியிருக்கிறது. அறைக்கு எதிரேயே நர்ஸ் மேஜை. மேஜையில் இருந்தவள் எழுந்து வரவில்லை. ஜூஸ் வாங்கப் போயிருந்த டிரைவரின் மனைவி திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நர்ஸ் தூங்கிவிட்டாள் என்றது ஆஸ்பத்திரி. அலாரம் எழுந்த நேரம் பதிவாகி இருக்கிறதே, வேறென்ன சாட்சி வேண்டும்? பணியில் தூங்கிவிட்டேன் என்று அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டால் லைசென்ஸ் மட்டும்தான் போகும், போலீஸ் வரை இழுக்க மாட்டோம் என்று ஆஸ்பத்திரி வக்கீல் சொல்லியிருந்தார். விசாரணை அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டிய நாள், நாளை.

அன்று காலையிலேயே நிதானமும் துடுக்கும் அந்தத் தம்பதியின் வீட்டுக்குப் போனபோது நர்ஸ் ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கணவன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். கூடத்தின் பாதியை அவன் மேஜை அடைத்துக்கொண்டிருந்தது. குருவி, இவங்க வந்திருக்காங்க பாரு என்று அவன் மெதுவாகச் சொன்னான். செல்லப் பெயர்தான். ஆனால் அவள் கழுத்தெலும்பு துருத்தி நின்ற கோலத்தில் அந்தப் பெயர் காதுக்குச் சங்கடமாக இருந்தது.

முதல் வாரம் முழுக்க மணி அடிக்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். பிறகு, அடித்திருக்கலாம் என்றாளாம். இப்போது கேட்பதற்கு முன்பே ஒப்பித்தாள்.

"நான் தூங்கிட்டேன் சார். வேற எப்படி இருக்க முடியும்? மணி கேக்கலைன்னா தூங்கிட்டேன்னுதான அர்த்தம்."

"மணி கேக்கல, சரிம்மா. வேற என்ன கேட்டுச்சு?"

இதை அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை போலிருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, வரவேற்பறை டிவி என்றாள். அதை அன்றைக்குக் காலையில்தான் மாட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரியின் சொந்த விளம்பரம் திரும்பத் திரும்ப ஓடியது. முதலில் பெரிய டாக்டர் பேசுவார், அப்புறம் ஒரு குழந்தை சிரிக்கும், அப்புறம் புல்லாங்குழல். மாத்திரைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாளாம். நடுவில் ஒருமுறை டிவி திக்கியது. டாக்டர் நம்பிக்கை, நம்பிக்கை, நம்பிக்கை என்று சொன்னதையே சொல்லிக்கொண்டு நின்றார். ரிசப்ஷனில் இருந்த பெண் சிரித்தது இவளுக்குக் கேட்டது.

துடுக்கு வெளியே போய் ரிசப்ஷனுக்குப் போன் போட்டாள். விளம்பரத்தைப் பற்றிக் கருத்துக் கேட்கிறவள் போலக் குரலை மாற்றிக்கொண்டு பேசிவிட்டு உள்ளே வந்தாள். டிவி திக்கியது உண்மை. அன்றைக்கு ஒரே ஒரு தடவைதான். அது திக்கித் திணறிக்கொண்டிருந்தபோதுதான் உள்ளேயிருந்து டிரைவர் மனைவியின் அலறல் கேட்டதாம். இத்தனை நாள் கழித்தும் ரிசப்ஷன் பெண்ணுக்கு அது மறக்கவில்லை.

"தூங்கினவங்க காதுல இவ்வளவு வரிசையா விழாதும்மா," என்றார் நிதானம். "நீங்க முழிச்சுக்கிட்டுதான் இருந்திருக்கீங்க."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அலாரம் அடிச்சதுன்னு பதிவு இருக்கே சார். கம்ப்யூட்டர் எதுக்கு என் மேல பொய் சொல்லணும்?"

நிதானம் எழுந்துகொண்டார். படியிறங்கும்போது துடுக்கிடம் சொன்னார்: அலாரம் அடித்தது உண்மை, நர்ஸ் விழித்திருந்ததும் உண்மை. இந்த இரண்டும் ஒரே அறையில் எப்படி இருந்தன என்பதுதான் கேள்வி. துடுக்கு, மாமியாரும் மருமகளும் இருப்பது போலத்தான் சார் என்றாள்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைய அவள் பொய் எதுவும் சொல்லவில்லை. டிவி நின்று நின்று ஓடுகிறதாமே, பார்க்கலாமா என்று மட்டும் கேட்டாள். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரர், தன் தொல்லையைக் கேட்க ஒரு ஜீவன் வந்ததே என்று அவரே அவர்களைப் பின்கட்டு அறைக்குக் கூட்டிப்போனார். உடைந்த சக்கர நாற்காலிகளுக்கும் தரை துடைக்கும் வாளிகளுக்கும் நடுவில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இரைந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரி முழுவதையும் அது ஒன்றுதான் இழுக்கிறது என்று பெருமையும் சலிப்புமாகச் சொன்னார்.

நிதானம் தான் யார் என்பதைச் சொன்னார். சிஸ்டம்காரர் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும், தன் பக்கம் பிசகில்லை என்று காட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் திரையைத் திருப்பிக் காட்டினார். நோயாளிகளைக் கவனிக்கும் மென்பொருள் ஒரு கன்டெய்னருக்குள் ஓடுகிறது. கன்டெய்னர் என்றால் நாலு பக்கமும் மூடிய பெட்டி. உள்ளே நடப்பது வெளியே தெரியாது; வெளியே இருப்பவை உள்ளே கலக்காது. பெட்டியோடு பேச வேண்டுமென்றால் அதில் வாசல் திறக்க வேண்டும். அந்த வாசலுக்குப் போர்ட் என்று பெயர்.

"கன்டெய்னர், போர்ட்," என்றாள் துடுக்கு. "கப்பல் எப்ப வரும்?"

சிஸ்டம்காரர் சிரிக்கவில்லை. இந்தப் பெட்டிக்கு மூன்று போர்ட் என்றார். ஒன்றின் வழியாக இதயத்துடிப்பு மாடியில் டாக்டர் அறைத் திரைக்குப் போகும். இன்னொன்றில் ஆக்ஸிஜன் அளவும் அங்கேயே போகும்; மதியத்தில் அங்கே ஆள் இருக்காது. மூன்றாவதில், நர்ஸ் மேஜைக்கு அலாரம். மூன்றும் இதோ இருக்கின்றன என்று ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

நிதானத்துக்குக் கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எங்கே எது குறைகிறது என்று பார்த்தே பிழைத்தவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த ஒரு வரியையே வெகுநேரம் பார்த்தார். முதல் இடத்தில் ஓர் எண், ஓர் அம்புக்குறி, இன்னோர் எண். இரண்டாவது இடத்திலும் அப்படியே. மூன்றாவது இடத்தில் ஓர் எண் மட்டும் ஒண்டியாக நின்றது.

"இதுக்கு மட்டும் ஏன் அம்பு இல்ல?"

சிஸ்டம்காரர் குனிந்து பார்த்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. அம்புக்குறி என்றால் வெளியிலிருந்து உள்ளே வழி இருக்கிறது என்று அர்த்தம் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். எண் மட்டும் இருந்தால், மென்பொருளை எழுதியவர்கள் இந்த இடத்தில் ஒரு வாசல் உண்டு என்று அறிவித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அறிவிப்பதால் வாசல் திறந்துவிடாது. பெட்டியை ஓட விடும்போது, எந்தெந்த வாசல் வேண்டுமோ அதையெல்லாம் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று வேண்டுமென்றால் மூன்று தடவை. இதில் இரண்டுதான் சொல்லியிருக்கிறது.

"அப்ப அன்னிக்கு அலாரம் அடிச்சுதா, இல்லையா?"

"அடிச்சிருக்கு சார்," என்றார் சிஸ்டம்காரர். "பெட்டிக்குள்ள."

துடுக்கு பையிலிருந்து போனை எடுத்தாள்.

நர்ஸ் மேஜையில் இருக்கும் அலாரப் பலகை, செய்தி ஏதும் வராதவரை பச்சையாகவே எரியும். நோயாளி நன்றாக இருந்தாலும் பச்சை, வழி அடைத்திருந்தாலும் பச்சை. அவள் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டே மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

மீதியைச் சிஸ்டம்காரர் அவராகவே கொட்டினார். அன்று காலை டிவி விளம்பரத்தையும் இதே கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார் மேனேஜர். ஏற்றி, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டதும் டிவி முந்திக்கொண்டு, அலாரம் வெளியே வரவேண்டிய அதே எண்ணைப் பிடித்துக்கொண்டது. ஓர் எண்ணில் ஒன்றுதான் உட்கார முடியும். நோயாளிகளின் கன்டெய்னர் எழும்ப மறுத்தது. மென்பொருள் கம்பெனிக்குச் சிஸ்டம்காரர் போன் செய்தார். எங்கிருந்தோ யாரோ ஒருவர் இன்டர்நெட் வழியாக உள்ளே வந்து சட்டென்று ஓட விட்டுவிட்டார். ஓடியது. அதற்கு மேல் அவர் பார்க்கவில்லை.

கதவு திறந்து மேனேஜர் வந்தபோது துடுக்கு திரையைத் தன் போனில் படம் எடுத்து முடித்திருந்தாள். மேனேஜர் சத்தம் போடவில்லை. சிஸ்டம்காரரைப் பார்த்து, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். சரியாகத்தான் சார் இருக்கிறது என்றார் சிஸ்டம்காரர். அந்த மனிதரிடமிருந்து இனி வேறு பேச்சு வராது என்று நிதானத்துக்குப் புரிந்தது.

இருந்தாலும் வராந்தாவில் மேனேஜரை நிறுத்தி, உங்கள் அலாரம் இந்த நிமிஷமும் செத்துதான் கிடக்கிறது, முதலில் அதைச் சரி செய்யுங்கள் என்றார். எதிரே அதே அறை. டிரைவர் படுத்திருந்த கட்டிலில் இப்போது ஒரு பள்ளிக்கூட வாத்தியார் விரலில் கிளிப்போடு கண்ணயர்ந்திருந்தார். பலகை பச்சையாக எரிந்தது.

"அலாரம் வேலை செய்யலைன்னு இன்னிக்கு நான் ஒத்துக்கிட்டா, அன்னிக்கும் வேலை செய்யலைன்னு ஆயிடும்," என்றார் மேனேஜர். பிறகு காவலாளியைக் கூப்பிட்டார்.

காரில் உட்கார்ந்து துடுக்கு மென்பொருள் கம்பெனிக்குப் போன் போட்டாள். சூப்பர்வைசர் பணிவான ஆள். அலாரத்தைப் பற்றி வாடிக்கையாளர் புகார் கொடுத்தால் உடனே கவனிப்போம் என்றார். வாடிக்கையாளர் என்றால் யார்? மேனேஜர். துடுக்கு போனை மூடிக்கொண்டு, கிணற்றில் விழுந்தவனிடம் விண்ணப்பம் கேட்கிறான் சார் என்றாள். அன்றைக்குச் சரி செய்த ஆள் யார் என்று கேட்டதற்கு, அதெல்லாம் வெளியாட்கள், அவரவர் வீட்டிலிருந்து செய்கிறார்கள், ஆளுக்கு ஒரு எண் உண்டு, பெயர் எங்களுக்கே தெரியாது, அவர்களுக்கும் எந்த வாடிக்கையாளருக்குச் செய்கிறோம் என்று தெரியாது என்றார்.

நிதானம் போனை வாங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டார். துடுக்கு எடுத்த படத்தில் அந்த வரியின் கடைசியில் கன்டெய்னருக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் கம்பெனி வைக்கிறதா? இல்லை என்றார் சூப்பர்வைசர். யாரும் வைக்காவிட்டால் கம்ப்யூட்டரே வாய்க்கு வந்த ஏதோ இரண்டு ஆங்கில வார்த்தையைச் சேர்த்து வைத்துவிடும். வேறு பெயர் இருந்தால், ஓட விட்டவர் தன் கையால் வைத்தது.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிதானம் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். துடுக்கு படத்தைப் பெரிதாக்கி அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஆங்கில எழுத்தில் இருந்தாலும் தமிழ் வார்த்தை. படித்தவள் அதன் பிறகு நர்ஸ் வீடு போய்ச் சேரும்வரை ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

கதவைத் திறந்த கணவன், ஏதாவது கிடைச்சுதா சார் என்று ஆவலாகக் கேட்டான். உட்காருங்க என்றார் நிதானம். நர்ஸ் உள்ளறையில் படுத்திருந்தாள். துடுக்கு போனை நீட்டினாள்.

அவன் தொழில்காரன், பார்த்ததும் பிடித்துவிட்டான். மூணாவது திறக்கவே இல்ல சார், பாருங்க, அம்பு இல்ல என்று குரல் உயர்ந்தது. சந்தோஷம்தான். தன் மனைவி தப்பித்தாள் என்ற சந்தோஷம். எந்த மடையன் இப்படி ஓட விட்டான் என்று சொல்லிக்கொண்டே கண்ணை அந்த வரியின் கடைசிக்கு நகர்த்தினான்.

kuruvi.

அவன் போனைக் கீழே வைக்கவில்லை. பிடித்த மாதிரியே பிடித்துக்கொண்டிருந்தான். நிதானம் அவன் தோளைத் தொட்டபோதுதான், அவன் மூச்சு விடாமல் இருந்தது தெரிந்தது.

பிறகு விட்டுவிட்டுச் சொன்னான். கம்பெனியிலிருந்து வேலை வரும்போது வாடிக்கையாளர் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். அன்று காலை வந்த வேலை இது: கன்டெய்னர் எழும்பவில்லை, எண் வேறெதிலோ மாட்டியிருக்கிறது, உடனே ஓட வேண்டும். மூன்று போர்ட்டுக்கான கட்டளைகளும் ஒரே வரியில் இருந்தன. மூன்றாவதுதான் இடித்தது. அதை எடுத்துவிட்டு ஓட விட்டான். ஓடியது. மூன்றாவதற்கு வேறு எண் கேட்டுச் சொல்லுங்கள், அப்புறம் திறந்துவிடலாம் என்று கம்பெனிக்கு எழுதினான். பதில் வரவில்லை. வேலை முடிந்தது என்று அவர்களே மூடிவிட்டார்கள். அவன் எழுப்புகிற எல்லாப் பெட்டிக்கும் ராசிக்காக மனைவியின் செல்லப் பெயரைத்தான் வைப்பான்.

"அது அலாரம்னு எனக்குத் தெரியாது சார். வெறும் நம்பர் சார் அது."

தெரியாமல் செய்த தப்புகளை நிதானம் நிறையப் பார்த்திருக்கிறார். எதிலும் செத்தவன் பிழைத்ததில்லை.

துடுக்குதான் அடுத்ததைப் பேசினாள். நாளை விசாரணையில் அதிகாரியை அந்தப் பின்கட்டு அறைக்கே கூட்டிப்போய்த் திரையைக் காட்டினால் போதும், சிஸ்டர் வெளியே வந்துவிடுவார். நிதானம் தலையசைத்தார். ஆனால் அவர் மனதில் வாத்தியார் படுத்திருந்தார். நாளை வரை அந்தப் பலகை பச்சையாகவே எரியும். துடுக்கு நர்ஸ் மேஜைக்கே நேராகப் போன் போட்டு, அலாரத்தை நம்பாதீர்கள், அடிக்கடி எட்டிப் பாருங்கள் என்று சொல்லிப் பார்த்தாள். புதிதாக வந்திருந்த பெண், மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

கணவன் மெதுவாக, என்னால் இப்போதே திறக்க முடியும் என்றான். கம்பெனி அவனுக்குக் கொடுத்த எண் இன்னும் உயிரோடுதான் இருந்தது. மேஜைக்குப் போய்க் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தான். திறந்தவன் கையை எடுத்துக்கொண்டான். ஓடிக்கொண்டிருக்கிற கன்டெய்னரில் புதிதாக வாசல் வைக்க முடியாது என்றான். பழையதை நிறுத்தி, எல்லா வாசலையும் முதலிலிருந்து சொல்லி, புதிதாகத்தான் எழுப்ப வேண்டும். அதற்குக் கம்பெனி இவர்களுக்குக் கொடுத்திருப்பது ஒரே ஒரு பட்டன். அதை அழுத்தினால் பழையது அழியும். அந்த வரியும் அழியும். புதிதாக வருவதில் மூன்றுக்கும் அம்பு இருக்கும்.

"நாளைக்கு அதிகாரி வந்து பாத்தா எல்லாமே சரியா இருக்கும்," என்றாள் துடுக்கு. "போட்டோ இருக்குல்ல சார்?"

"குற்றம் சாட்டப்பட்ட பொம்பளையோட புருஷன் கூலி குடுத்து அமர்த்தின ஆள் எடுத்த போட்டோ," என்றார் நிதானம்.

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. நர்ஸ் எப்போதிலிருந்து அங்கே நின்றுகொண்டிருந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவனைப் பார்க்கவில்லை, நிதானத்தைத்தான் பார்த்தாள்.

"அப்ப நான் தூங்கல."

"இல்லம்மா. தூங்கல."

அவள் இரண்டு மூன்று தடவை தலையாட்டினாள். பிறகு, அந்த ரூம்ல இப்ப யாராவது இருக்காங்களா என்று கேட்டாள். ஒரு வாத்தியார் என்றாள் துடுக்கு. என்ன ஆபரேஷன், எந்தக் கையில் கிளிப், ஆக்ஸிஜன் குழாய் போட்டிருக்கிறதா என்று நர்ஸ் கேட்டாள். துடுக்கு தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"தெறங்க," என்றாள் நர்ஸ், கணவனிடம்.

"குருவி, இதை அழிச்சா உனக்கு ஒண்ணுமே..."

"காதுல விழுந்துச்சு. தெறங்க. அந்தப் பேரை மட்டும் வெக்காதீங்க."

அவன் திரும்பி உட்கார்ந்தான். டிவி பிடித்திருந்த எண்ணை விட்டுவிட்டு அலாரத்துக்கு வேறோர் எண் கொடுத்தான்; நர்ஸ் மேஜைப் பலகையையும் அந்த எண்ணைக் கேட்கும்படி மாற்றினான். ஒவ்வொரு போர்ட்டாக, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதினான். துடைத்துத் துடைத்தும் கண் நிறைந்துகொண்டே இருந்ததால் எழுத்து தெரியாமல் இரண்டு தடவை தப்பாகிவிட்டது. பெயர் எதுவும் வைக்கவில்லை. பட்டனை அழுத்தினான். பழைய வரி மறைந்து புது வரி வந்தது. அதில் மூன்று அம்புகள் இருந்தன.

சாயங்காலம் துடுக்கின் போனுக்குச் சிஸ்டம்காரர் பேசினார். மணி அடித்ததாம். புதுப் பெண் பதறி ஓடினாளாம். வாத்தியார் உதடு நீலமாகிக்கொண்டிருந்த நேரத்தில் போய்ப் பிடித்துவிட்டார்கள், இப்போது பரவாயில்லை. யார் திறந்தது என்று எனக்குத் தெரியாது, நான் பேசவே இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

விசாரணை ஆஸ்பத்திரியின் மேல்மாடியில், நீள மேஜையில் நடந்தது. விசாரணை அதிகாரி கெட்டவர் இல்லை. கணவன் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னபோது குறுக்கிடாமல் கேட்டார். நிதானம் கொடுத்த படத்தையும் வாங்கிப் பார்த்தார். பிறகு எல்லோரையும் அழைத்துக்கொண்டு பின்கட்டு அறைக்கே இறங்கி வந்தார். திரையில் மூன்று போர்ட், மூன்று அம்பு. எப்போதும் இப்படித்தானா என்று கேட்டார். எப்போதும் இப்படித்தான் என்று சிஸ்டம்காரர் வாளிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நேற்றே மணி அடித்து ஒருவரைக் காப்பாற்றியிருக்கிறோம் என்றார் மேனேஜர். அந்தப் பெட்டி நேற்றுதான் எழுந்திருக்கிறது, தேதியைப் பாருங்கள் என்றார் நிதானம். அதற்கும் மேனேஜரிடம் பதில் இருந்தது: வழக்கமான பராமரிப்பு. கம்பெனியிலிருந்து வந்திருந்த பணிவான சூப்பர்வைசர் அதை ஆமோதித்தார். கணவன் சொன்ன கடிதம் எதுவும் தங்களுக்கு வந்ததாகத் தெரியவில்லை என்றும் சொன்னார்.

டிவி திக்கியதைச் சொன்னாள் துடுக்கு. அதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாமே என்றார் வக்கீல். ரிசப்ஷன் பெண்ணை அன்று விடுப்பில் அனுப்பியிருந்தார்கள்.

மறுபடி மேலே வந்து உட்கார்ந்ததும் அதிகாரி அந்தக் காகிதத்தை நர்ஸ் பக்கம் தள்ளினார். பணியில் தூங்கிவிட்டேன். கீழே கையெழுத்துக்கு இடம். போடாவிட்டால் போலீஸ் வழக்கு ஆகும் என்பதை வக்கீல் இன்னொரு தடவை ஞாபகப்படுத்தினார். எதிர்ப்பக்கம் டிரைவரின் மனைவி, மடியில் பையை வைத்துக்கொண்டு, நர்ஸின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நேரம் பேசிய வாசலும் அம்பும் அவளுக்கு எட்டியதாகவே தெரியவில்லை.

நர்ஸ் பேனாவை எடுத்தாள். வாக்கியத்தைப் படித்தாள். பேனாவை மேஜைமேல் வைத்தாள்.

"நான் தூங்கல சார்."

முந்தின நாள் வரை ஒப்புக்கொண்டவள். அதிகாரிக்கு அவள் மேல் பரிதாபமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. பக்கத்தில் தலை கவிழ்ந்து நின்ற கணவனைச் சுட்டிக்காட்டினார்.

"உங்களுக்காக இந்த மனுஷன் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டு இவ்வளவு பெரிய பொய் சொல்றாரு. நீங்க என்னடான்னா ஒரு உண்மையை எழுத மாட்டேங்கறீங்க."

டிரைவரின் மனைவி முதல் தடவையாகக் கணவன் பக்கம் திரும்பி, அவனைக் கனிவோடு பார்த்தாள்.